கயோட்டி வேட்டைக்கு எந்தக் குண்டு? சிறு கேலிபர் ரைபிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸின் வடகோடியில், அமரில்லோவைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களுக்குக் குளிர்காலம்தோறும் கயோட்டி வேட்டைக்குப் போகிறேன். டல்லாஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள் சிலரும் இப்போது கூட வருகிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது "எந்த கேலிபர் அண்ணா?" என்றுதான். கேலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் அளவைச் சொல்லும் எண். எந்தக் குண்டு என்று கேட்பவர் அபூர்வம். ஒரே துப்பாக்கியில் ஒரு குண்டு அந்த இடத்திலேயே விலங்கைச் சாய்க்கும், இன்னொன்று அதைக் காயத்தோடு ஓடவிடும். இரண்டையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் நேரிலும் தொலைபேசியிலும் பதில் சொன்ன கேள்விகளை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கயோட்டி என்பது நம் ஊர் குள்ளநரியா?

நெருங்கிய உறவு. ஓநாய், நாய், குள்ளநரி எல்லாம் சேர்ந்த குடும்பம்தான். உருவத்தில் குள்ளநரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. மேற்குச் சமவெளிகளில் 10 முதல் 15 கிலோ வரை இருக்கும். வடகிழக்கு மாநிலங்களில் 20 கிலோவைத் தொடுவதும் உண்டு. ஹவாய் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது.

குளிர்கால ரோமம் கண்ணை ஏமாற்றும். ஸ்கோப்பில் (துப்பாக்கி மேல் பொருத்தும் தொலைநோக்கி) பார்க்கும்போது நல்ல உருட்டான நாய் மாதிரி தெரியும். தோலை உரித்துப் பார்த்தால் ஒடிசலான உடம்பு. ஒரு பக்க விலாவிலிருந்து மறுபக்க விலாவுக்கு ஒரு சாண்கூட இருக்காது. நமக்குள்ள சிக்கலே இந்த அளவில்தான் இருக்கிறது. புல்வெளி அணில் போன்ற ஒரு கிலோ பிராணிக்கென்று செய்த குண்டு இதன் தோள் எலும்பிலேயே உடைந்துபோகலாம். மானுக்கென்று செய்த குண்டு இதன் ஒல்லி உடம்பில் விரிய நேரமே இல்லாமல் மறுபக்கம் போய்விடலாம். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். குள்ளநரியும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. இங்கே நான் எழுதுவது எல்லாம் அமெரிக்க நிலத்துக்கும் அமெரிக்கச் சட்டத்துக்கும் மட்டும்.

தோட்டா, குண்டு, கிரெய்ன்: எது எது?

தோட்டா என்றால் பித்தளைக் கூடு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருள். அதன் நுனியில் இருந்து பறந்துபோகும் துண்டுதான் குண்டு. குண்டின் எடையைக் கிரெய்னில் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். 55 கிரெய்ன் குண்டு ஏறக்குறைய மூன்றரை கிராம், அரைப் பவுன் நகை எடைக்குக் கொஞ்சம் குறைவு.

கேலிபர் எண்ணைப் பார்த்து மட்டும் குண்டு வாங்கக் கூடாது. .222, .223, .22-250, .220 ஸ்விஃப்ட் எல்லாவற்றிலும் பறப்பது ஒரே .224 அங்குலக் குண்டுதான். கூட்டின் அளவும் மருந்தும்தான் வேறு. ஆகவே ".22-250 ரொம்பப் பலமானது" என்பவர் உண்மையில் அதே குண்டு இன்னும் வேகமாகப் போகிறது என்றுதான் சொல்கிறார். அந்தக் கூடுதல் வேகத்தைக் குண்டு தாங்குமா என்பது தனிக் கேள்வி.

சரி, கேலிபரையும் சொல்லிவிடுங்கள். எது வாங்கலாம்?

முதல் துப்பாக்கி என்றால் .223 ரெமிங்டன். 55 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 3,240 அடி வேகத்தில் புறப்படும். தோளில் உதை குறைவு என்பதால் சுட்ட பிறகும் விலங்கு ஸ்கோப்புக்குள்ளேயே இருக்கும். எங்கே பட்டது, விழுந்ததா, மறுபடி சுட வேண்டுமா என்பது அந்த அரை விநாடியிலேயே தெரிந்துவிடும். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். எந்தச் சிற்றூர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும், விலையும் குறைவு. அதனால் நிறையப் பழகலாம்.

மரமே இல்லாத திறந்த வெளியில் 300 கெஜம் வரை சுட வேண்டியிருந்தால் .22-250 ரெமிங்டன். .250 சாவேஜ் கூட்டின் கழுத்தைக் குறுக்கி ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகக் கையால் செய்துவந்த தோட்டா இது. 1965-ல் ரெமிங்டன் இதைக் கடைச்சரக்காக்கியது. அதே 55 கிரெய்ன் குண்டு 3,680 அடியில் போகும். குழல் சீக்கிரம் தேயும், சூடும் அதிகம். நாளுக்கு நாலு தோட்டா சுடும் கயோட்டி வேட்டைக்காரருக்கு இது ஒரு குறையே இல்லை.

.204 ருகர், 2004-ல் குண்டு செய்யும் ஹார்னடியும் துப்பாக்கி செய்யும் ருகரும் சேர்ந்து கொண்டுவந்தது. 32 கிரெய்ன் குண்டுக்கு 4,225 அடி என்று விளம்பரம் செய்து பெயர் வாங்கினார்கள். கயோட்டிக்கு அந்த 32 வேண்டாம், 3,900 அடியில் போகும் 40 கிரெய்ன் எடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். .17 ரெமிங்டன் 1971-லிருந்து இருக்கிறது. 20, 25 கிரெய்ன் குண்டு. தோலில் ஊசி குத்தியது போல ஒரு துளை மட்டும் விழும். ஆனால் கையாளுபவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும், தோட்டாவும் எல்லா இடத்திலும் கிடைக்காது. .243 வின்செஸ்டர் மானுக்கும் கயோட்டிக்கும் ஒரே துப்பாக்கி வேண்டும் என்பவருக்கு.

குண்டுகளில் என்னென்ன வகை? உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு 55 கிரெய்ன் ஹார்னடி வி-மேக்ஸ் குண்டைப் பட்டறை இடுக்கியில் பிடித்து, நீளவாக்கில் அரத்தால் பாதிவரை தேய்த்துப் பார்த்தேன். வெளியே செப்பு உறை, உள்ளே ஈயம். நுனிப் பக்கம் உறை விரல் நகத்தின் கனம்கூட இல்லை. அடிப்பக்கம் போகப்போகத் தடிக்கிறது. நுனியில் சிவப்பு பிளாஸ்டிக் முனை, அதன் காம்பு உள்ளே ஒரு சின்ன வெற்றிடத்துக்குள் இறங்கியிருக்கிறது. உடம்பில் பட்டவுடன் அந்த முனை பின்னால் தள்ளப்பட்டு, விறகில் ஆப்பு இறங்குவது போல மெல்லிய உறையைப் பிளக்கிறது. அப்புறம் ஈயம் நூற்றுக்கணக்கான துணுக்குகளாகச் சிதறுகிறது. சிதறல் நெஞ்சுக்குள் நடந்தால் நுரையீரலில் ரத்த ஓட்டம் அந்த நொடியே நின்றுபோகும். தோளின் மேலேயே நடந்தால் பெரும் துன்பம். பிளாஸ்டிக் முனைக் குண்டின் குணமும் குற்றமும் இதில் அடங்கிவிட்டது. பச்சை முனையுள்ள சியெரா பிளிட்ஸ்கிங், நோஸ்லர் பாலிஸ்டிக் டிப்பின் வார்மிண்ட் (சிறு பிராணி) ரகம் எல்லாம் இந்த வகைதான்.

நுனி திறந்த குழிமுனைக் குண்டு அடுத்தது. வேட்டைக்கென்று செய்த மெல்லிய உறைக் குழிமுனை ஏறக்குறைய மேலே சொன்னது போலவே நடந்துகொள்ளும். குறிசுடும் பந்தயக் குண்டுகளிலும் நுனியில் ஊசித்துளை இருக்கும். அது செய்முறையில் வந்த துளை, விரிவதற்காக வைத்தது இல்லை. சில நேரம் விரியும், சில நேரம் விரியாது. நான் அதை நம்பிச் சுடுவதில்லை.

மூன்றாவது ஈயமுனைக் குண்டு, நுனியில் சாம்பல் நிற ஈயம் வெளியே தெரியும் பழைய ரகம். மெதுவாக விரியும், ஆழமாகப் போகும், பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறும். விலையும் குறைவு. பழைய சரக்கு என்று பலர் ஒதுக்குகிறார்கள், எனக்கு இதன்மேல் நல்ல மரியாதை உண்டு. தோள் எலும்பில் பட்டாலும் உள்ளே போய்ச் சேரும். சியெரா 55 கிரெய்ன் கேம்கிங் குண்டும் இதைப் போலக் கொஞ்சம் உறுதியான ரகம்.

முழுக்கச் செம்பால் ஆன குண்டுகள் நாலாவது. ஈயம் பற்றிய கேள்வியில் அவற்றைப் பார்ப்போம்.

இலேசான குண்டு வேகமாகப் போகுமே, அதுதானே நல்லது?

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் இரண்டாவது குளிர்காலம். .204, 32 கிரெய்ன் பிளாஸ்டிக் முனை. அடிபட்ட முயல் போலக் கத்தும் கருவியை வைத்துவிட்டு மெஸ்கீட் புதரடியில் உட்கார்ந்திருந்தேன். மெஸ்கீட் நம் ஊர் சீமைக் கருவேலத்தின் உறவு, முள்ளும் அதே முள்தான். பள்ளத்திலிருந்து ஒரு ஆண் கயோட்டி ஏறி வந்து 35 கெஜத்தில் சாய்வாக நின்றது. தோளில் சுட்டேன். சுழன்று, தன் தோளையே ஒருமுறை கடித்துவிட்டு, வந்த பள்ளத்திலேயே இறங்கி ஓடியது.

தேடிக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனது. பொழுது சாயும் நேரத்தில் ஒரு வேலி ஓரம் படுத்திருந்தது, உயிரோடு. இன்னொரு தோட்டாவில் முடித்தேன். உரித்துப் பார்த்தபோது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் காயம், ஆழம் ஒரு அங்குலம். தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த விலா எலும்புகளில் ஒரு கீறல்கூட இல்லை. சதையில் சாம்பல் நிறப் பொடி அப்பியிருந்தது, குண்டில் மிச்சம் அதுதான். அந்த மூன்று மணி நேரம் அது பட்ட பாட்டுக்கு நான் எடுத்த தோட்டாப் பெட்டிதான் காரணம். அதற்குப் பிறகு 32 கிரெய்னைக் கயோட்டிக்கு எடுத்ததே இல்லை.

இங்கே வேட்டைக்காரர்கள் இதை 'ஸ்பிளாஷ்' என்பார்கள், தண்ணீரில் கல் எறிந்தது போல மேலேயே தெறித்துவிடுவது. மூன்று காரணம் ஒன்றுகூடும்போது நடக்கும்: இலேசான குண்டு, மிக அருகில் இருப்பதால் குறையாத வேகம், எதிரே கனமான எலும்பு. தூரம் கூடக்கூட வேகம் குறைந்து இந்த ஆபத்தும் குறைகிறது. ஆகவே கிட்டத்தில் சுடுவதுதான் இலேசான குண்டுக்குக் கடினமான பரீட்சை. புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

என் எடைக் கணக்கு இது. .204-க்கு 39, 40 கிரெய்ன். .223-க்கு 50 முதல் 55. .22-250 இன்னும் வேகமாகத் தள்ளுவதால் அதில் 55-க்குக் குறைய மாட்டேன். .243-க்கு 75 அல்லது 87 கிரெய்ன் வி-மேக்ஸ். .243-ல் 58 கிரெய்னும் கிடைக்கும், நெஞ்சில் பட்டால் பிரமாதம். தோளை நம்பிக்கையோடு சுட முடியாது.

குழலின் முறுக்கு என்கிறார்களே, அதைப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். குழலுக்குள் இருக்கும் புரி எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை முழுச் சுற்று சுற்றுகிறது என்பதுதான் முறுக்கு. 1:12 என்றால் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். பம்பரம் மாதிரி, சுற்று போதவில்லை என்றால் தள்ளாடும்.

பழைய .22-250 பெரும்பாலும் 1:14. 55 கிரெய்ன் வரை அழகாகச் சுடும், அதற்கு மேல் நீளமான குண்டு போட்டால் குறிபார்த்துச் சுடும் அட்டையில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துவாரம் போலச் சாய்ந்த துளை விழும். ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா ஏற்றும் போல்ட் வகை .223 பழையது என்றால் 1:12, அதற்கும் 55 சரிதான். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஏ.ஆர்-15 வகைகளில் 1:9, 1:8, 1:7 என்று வரும்.

1:7 வைத்திருப்பவர்கள் எதிர்ப்பக்கத்தையும் கவனிக்க வேண்டும். 3,200 அடி வேகத்தில் 1:7 குழலிலிருந்து வரும் குண்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,29,000 முறை சுழல்கிறது. மிக மெல்லிய உறையுள்ள குண்டு அந்தச் சுழற்சியிலேயே வழியில் பிய்ந்துபோகக்கூடும். அட்டை வரை போய்ச் சேராமல் நடுவில் ஒரு சாம்பல் கீற்று மட்டும் தெரிந்தால் காரணம் இதுதான். சாதாரண 50, 53, 55 கிரெய்ன் வி-மேக்ஸ் 1:8, 1:9-ல் எனக்குத் தொந்தரவே தந்ததில்லை. உங்கள் குழலின் முறுக்கு பெரும்பாலும் குழல் மேலேயே பொறித்திருக்கும். இல்லையென்றால் துடைக்கும் கம்பியில் துணி சுற்றி உள்ளே தள்ளி, கம்பி ஒரு சுற்று சுற்ற எத்தனை அங்குலம் போகிறது என்று அளந்துவிடலாம்.

தோலைக் கெடுக்காத குண்டு எது?

முதலில் தோலை விற்கப்போகிறீர்களா என்று சொல்லுங்கள். கயோட்டி ரோமம் குளிர்கோட்டுத் தொப்பி விளிம்புக்குப் போய்க்கொண்டிருந்தது, நல்ல விலையும் இருந்தது. 2019-ல் டொராண்டோவின் பெரிய ரோம ஏல நிறுவனம் கடன் நெருக்கடியில் விழுந்தது. 2021-ல் குளிர்கோட்டு நிறுவனமான கனடா கூஸ் இனி ரோமம் வாங்குவதில்லை என்று அறிவித்தது. சந்தை சுருங்கிவிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் எழுதிய அறிவுரை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது: "வெளியேறும் துளையே விழக் கூடாது."

தோல் வேண்டும் என்றால் சரி. .17 ரெமிங்டனில் 25 கிரெய்ன், .204-ல் 40, .223-ல் 50 வி-மேக்ஸ். இவை நெஞ்சுக்குள் போய் அங்கேயே உடையும், மறுபக்கம் பெரும்பாலும் வராது. உரிக்கும்போது எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் செப்பு உறையின் அடிப்பாகம் மட்டும் நசுங்கிய சட்டைப் பித்தான் போலக் கிடைக்கும். இந்தக் குண்டுகளோடு போகிறவர் தோளைச் சுடக் கூடாது, நெஞ்சு தெளிவாகத் தெரியும்வரை காத்திருக்க வேண்டும்.

கன்று ஈனும் காலத்தில் பண்ணைக்காரர் கேட்டுக்கொண்டு போகிறீர்கள், தோல் தேவையில்லை என்றால், தோலைப் பற்றிக் கவலையே படாதீர்கள். ஈயமுனை 55 போடுங்கள். இரண்டு துளை விழட்டும். வெளியேறும் துளை இருந்தால் ரத்தத் தடமும் இருக்கும், ஓடினாலும் கண்டுபிடிக்கலாம்.

ராணுவப் பாணி முழு உறைக் குண்டு மலிவாகக் கிடைக்கிறதே?

பழகுவதற்கு வாங்குங்கள். விலங்குக்கு வேண்டாம். விரியாமல் கம்பி போலத் துளைத்துப் போய்விடும், அல்லது உள்ளே புரண்டு எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்ளும். நெஞ்சில் துளையோடு ஒரு கயோட்டி அரை மைல் ஓடும், எங்கோ போய் மெல்லச் சாகும். கல்லில் பட்டுத் தெறிப்பதும் இந்த வகையில்தான் அதிகம்.

வீட்டில் .22 எல்.ஆர். அல்லது .17 எச்.எம்.ஆர். போன்ற சின்னத் தோட்டாத் துப்பாக்கி இருக்கிறது. போதாதா?

.22 எல்.ஆர். போதாது. .17 எச்.எம்.ஆர். 17 கிரெய்ன் குண்டை 2,550 அடியில் அனுப்புகிறது. குழல் வாயில் 245 அடி-பவுண்டு ஆற்றல். .223-க்கு ஏறக்குறைய 1,280. ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறது. அதை வைத்துக் கயோட்டி அடித்தவர்கள் உண்டு, நூறு கெஜத்துக்குள், அசையாமல் நின்றதை. அப்படி நிற்பது எத்தனை முறை? முயலுக்கும் அணிலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

.243-ல் மானுக்கு வாங்கிய 100 கிரெய்ன் மிச்சம் இருக்கிறது. அதையே போடலாமா?

போடலாம், சாகும். எலும்பில் படாமல் போனால் சின்னத் துளையோடு கொஞ்ச தூரம் ஓடும், எலும்பில் பட்டால் மறுபக்கம் பெரிய ஓட்டை. கைவசம் வேறு இல்லாத நாளைக்குச் சரி.

எங்கே குறி வைக்க வேண்டும்?

பக்கவாட்டில் நின்றால் முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையே. கயோட்டியின் நெஞ்சுக்கூடு நினைப்பதைவிட முன்னால் இருக்கிறது. இரண்டு விரல் பின்னால் போனாலும் வயிற்றுப் பக்கம் நெருங்கிவிடும்.

ஆனால் சத்தம் கேட்டு வரும் கயோட்டி பெரும்பாலும் நேர் எதிரே வரும், மூக்கு உங்களைப் பார்த்தபடி. அப்போது தொண்டைக்கு அடியில் நெஞ்சின் நடு. இந்தக் கோணத்தில் குண்டு நெஞ்செலும்பைத் தாண்டி நீளவாக்கில் போக வேண்டும், அதனால் எடை இங்கே கைகொடுக்கும். 50-க்குக் குறைந்த .224 குண்டுகளை நான் விட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது வாயால் நாய்க்குட்டி போல ஒரு குரைப்பு விட்டால் பெரும்பாலும் ஒரு கணம் நின்று பார்க்கும். அந்தக் கணம் போதும். நிற்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

காற்று எவ்வளவு தள்ளும்?

டெக்சஸின் வடகோடியான பேன்ஹேண்டில் பக்கம் காற்றில்லாத நாள் அபூர்வம். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் .223-ன் 55 கிரெய்ன் வி-மேக்ஸ் 200 கெஜத்தில் 4 அங்குலத்துக்கு மேல் தள்ளிப்போகும், 300-ல் 10 அங்குலத்தை ஒட்டி. அந்த ஒல்லி நெஞ்சுக்கு 10 அங்குலம் என்பது முழுத் தவறு. அதே காற்றில் .204-ன் 40 கிரெய்ன் 300 கெஜத்தில் 8 அங்குலத்தை ஒட்டி நிற்கும், .22-250-ன் 55 சுமார் 9. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் காற்றைப் பார்க்கத் தெரியாதவரைக் காப்பாற்றும் அளவு இல்லை. .223-ல் கொஞ்சம் முன்னேற்றம் வேண்டும் என்றால் மூக்கு நீண்ட 53 கிரெய்ன் வி-மேக்ஸ் முயன்று பாருங்கள்.

ஸ்கோப்பை 200 கெஜத்துக்குச் சரிசெய்து வையுங்கள். .223 நூறு கெஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே அடிக்கும், 200-ல் நேராக. அதற்குள் வரும் எதையும் கணக்குப் போடாமல் நெஞ்சின் நடுவில் வைத்துச் சுடலாம். புல்லும் புதரும் காற்றில் நீளமாகச் சாய்ந்து கிடக்கும் நாளில் என் எல்லை 150 கெஜம்.

ஈயம் இல்லாத குண்டு வாங்க வேண்டுமா?

கலிபோர்னியாவில் வேட்டையாடினால் வேறு வழியில்லை. 2013-ல் இயற்றிய சட்டம் படிப்படியாக வந்து 2019 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. துப்பாக்கியால் எந்த வனவிலங்கைச் சுட்டாலும் ஈயமற்ற குண்டுதான். காண்டோர் கழுகுகள் சாகாமல் இருக்கத்தான் இந்த முயற்சி முதலில் தொடங்கியது.

சட்டம் கேட்காத மாநிலத்திலும் யோசியுங்கள் என்பேன். நாம் விட்டுவரும் உடலைக் கழுகும் காக்கையும்தான் தின்கின்றன. பிளாஸ்டிக் முனைக் குண்டு ஈயத்தைப் பொடியாக்கி அந்தச் சதை முழுக்கத் தூவிவிடுகிறது. 2022-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்தது. ஏறக்குறைய பாதிக் கழுகுகளின் எலும்பில் நாள்பட்ட ஈய நஞ்சின் அடையாளம் இருந்தது. அதைப் படித்த பிறகு, தோல் எடுக்காத உடலை வெளியில் போட்டுவிட்டு வர எனக்கு மனம் வருவதில்லை. புதைக்கிறேன், அல்லது ஈயமற்ற குண்டு போடுகிறேன்.

பார்ன்ஸ் வார்மிண்ட் கிரெனேட் என்ற குண்டில் செம்பும் தகரமும் சேர்த்து அழுத்திய பொடிக் கரு இருக்கிறது; .224-ல் 36 கிரெய்ன். உடைந்து சிதறும் ரகம், தோளைத் தவிர்க்க வேண்டும். ஹார்னடி என்.டி.எக்ஸ். 35 கிரெய்னும் அப்படியே. உறுதியாக உள்ளே போக வேண்டுமானால் பார்ன்ஸ் டி.எஸ்.எக்ஸ். போன்ற ஒரே செம்பால் ஆன குண்டு. செம்பு ஈயத்தைவிட இலேசானது, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். முறுக்குக் கணக்கு மாறும். 1:14 வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் பெட்டியில் எழுதியிருக்கும் முறுக்கைப் படியுங்கள்.

5.56 (ராணுவ அளவு) தோட்டாவை .223 துப்பாக்கியில் போடலாமா?

பார்வைக்கு ஒன்றுதான், ஆனாலும் போடாதீர்கள். .223 என்று பொறித்த துப்பாக்கியின் தோட்டா உட்காரும் அறையில் 5.56 அளவுக்கு மீறிய அழுத்தம் தரலாம். மறுபுறம் பயமில்லை; 5.56 துப்பாக்கியில் .223 போடலாம்.

எத்தனை பெட்டி வாங்கிப் பார்க்க வேண்டும்?

மூன்று ரகம், ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி. மேசையில் மணல் மூட்டை வைத்து 100 கெஜத்தில் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள், இடையில் குழல் ஆறட்டும். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ருசி உண்டு; பக்கத்து வீட்டுக்காரரின் துப்பாக்கி விரும்பும் குண்டை உங்களுடையது துப்பிவிடும். ஐந்தும் ஒன்றே கால் அங்குலத்துக்குள் விழுந்தால் கயோட்டிக்குப் போதும். ஐந்தும் அரை அங்குலத்துக்குள் விழ வேண்டும் என்பதற்காகச் சிதறும் குண்டைத் தேர்வு செய்யாதீர்கள். கொஞ்சம் அகலமாகச் சுட்டாலும் உள்ளே போகும் குண்டுதான் என் தேர்வு. வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்கள் குண்டு தயாரிப்பாளர் அச்சிட்ட கையேட்டு அளவை மட்டும் பின்பற்றுங்கள், வாய்வழி கேட்டதை அல்ல.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி தொடலாமா?

இதை நம்மவர்கள் தெரிந்துகொள்ளாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். விதிவிலக்குகளில் ஒன்று, ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. ஆகவே உரிமம் முதலில், மற்றதெல்லாம் பிறகு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் இன்னும் கடுமையாக இருக்கலாம். உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். தனியார் நிலத்தில் கயோட்டிக்குத் தடைக்காலம் இல்லை, ஆனால் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும்.

ஓநாய் என்று தெரியாமல் சுட்டுவிட்டால்?

அந்தக் குண்டைத் திரும்ப எடுக்க முடியாது. அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் மெக்சிகன் ஓநாய், வட கரோலினாவின் கிழக்கில் செந்நிற ஓநாய். இரண்டும் அழிவின் விளிம்பில் பாதுகாக்கப்படுபவை. கொலராடோவில் 2023 டிசம்பரில் ஓநாய்களைக் கொண்டுவந்து விடத் தொடங்கினார்கள். கயோட்டியின் காது உடம்புக்குப் பெரிது, கூர்மையானது. மூக்கு நரிபோல ஒடுங்கியது. ஓநாயின் முகம் அகலம், கால் நீளம், காது சிறிது. செந்நிற ஓநாயைப் பிரித்தறிவது அனுபவசாலிக்கும் கடினம். இரவில் வெப்ப ஸ்கோப்பில் பார்க்கும்போது பண்ணை நாயும் கயோட்டியாகத்தான் தெரியும். நடையையும் வாலையும் பார்த்து உறுதியாகும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். பின்னால் என்ன இருக்கிறது என்பதும் அப்படியே. சிதறும் குண்டு மண்ணில் உடையும் என்றாலும் உறைந்த நிலத்திலும் பாறையிலும் தெறிக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

சுட்ட பிறகு எழுந்து ஓடினால் என்ன செய்வது?

உடனே அடுத்த தோட்டாவை ஏற்றி, ஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருங்கள். மறுபடி சுட இடம் கிடைத்தால் சுடுங்கள், தோலைப் பற்றிய எண்ணம் அப்போது வேண்டாம். கண்ணில் இருந்து மறைந்துவிட்டால், அது நின்ற இடத்தையும் கடைசியாகத் தெரிந்த இடத்தையும் ஏதாவது ஒரு மரம், வேலிக்கம்பம் வைத்து மனதில் குறியுங்கள். எழுந்து நடந்தால் எல்லாப் புதரும் ஒன்றுபோலத் தெரியும். நான் உட்கார்ந்த இடத்தில் தொப்பியை மாட்டிவிட்டுப் போவேன், திரும்பிப் பார்த்துத் திசை பிடிக்க.

நின்ற இடத்தில் முதலில் தேடுங்கள். நுரை கலந்த வெளிர் சிவப்பு ரத்தம் நுரையீரலுடையது. நூறு கெஜத்துக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பில் பச்சை கலந்திருந்தால் வயிறு, அது வெகுதூரம் போகும். ரத்தமே இல்லாமல் வெட்டுப்பட்ட ரோமக்கற்றை மட்டும் கிடந்தாலும் பட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்; சின்ன துளை, தடித்த ரோமம், ரத்தம் வெளியே சொட்டவே நேரம் பிடிக்கும். பள்ளம், வேலி ஓரம், தரைக்கு அடியில் போகும் வடிகால் குழாயின் வாய், இந்த மூன்றையும் பார்க்காமல் வண்டிக்குத் திரும்பாதீர்கள்.